ஸ்க்ராட்ச் இசைக்குழு

ஸ்க்ராட்ச் இசைக்குழு என்பது 1969 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இலண்டன் நகரில் தொடங்கப்பட்டு, 1970களின் நடுப்பகுதி வரை இயங்கிய ஒரு சோதனை இசைக்குழு ஆகும். இசையமைப்பாளர்களான கொர்னேலியஸ் கார்டியூ, மைக்கேல் பார்சன்ஸ், ஹோவர்ட் ஸ்கெம்ப்டன் ஆகிய மூவரும் இதன் நிறுவனர்கள் ஆவர். இசைப் பயிற்சி பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி, ஆர்வம் உள்ள எவரும் இதில் சேரலாம் என்பது இக்குழுவின் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. இசைக்கலைஞர்களுடன் ஓவியர்கள், மாணவர்கள், அலுவலகப் பணியாளர்கள் முதலிய பலரும் இதில் பங்கேற்றனர்.

பேரரங்குகளில் மட்டுமன்றி நகர மண்டபங்கள், சிற்றூர்க் கூடங்கள், தெருக்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றிலும் இக்குழு நிகழ்ச்சிகளை நடத்தியது. இருபதாம் நூற்றாண்டின் சோதனை இசை, சமகாலக் கலை ஆகியவற்றைப் பொதுமக்களிடம் கொண்டு செல்ல மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் இது முக்கியமான ஒன்றாகக் கருதப்படுகிறது. கலை யாருக்காக என்ற கேள்வியில் எழுந்த கருத்து வேறுபாடே இக்குழுவின் பிளவுக்கும் முடிவுக்கும் காரணமாக அமைந்தது.

பெயர்

ஆங்கிலத்தில் "ஸ்க்ராட்ச்" என்ற சொல்லுக்குக் கீறல் என்பது நேர்ப்பொருள். ஆயினும், கையில் கிடைத்தவற்றையும் கிடைத்தவர்களையும் கொண்டு உடனடியாகத் திரட்டப்பட்ட குழுவைக் குறிக்கவும் இச்சொல் வழங்குகிறது. குழுவின் பெயரில் இந்த இரண்டாவது பொருளே முதன்மையானது. எனினும், ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்குதல் என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. குழுவின் நோக்கத்துக்கு அதுவும் பொருத்தமாக அமைந்தது.

பின்னணி

கொர்னேலியஸ் கார்டியூ

கார்டியூ 1936 மே 7 அன்று இங்கிலாந்தின் குளோஸ்டர்சயர் பகுதியில் உள்ள விஞ்ச்கோம் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதில் கேன்டர்பரி பேராலயப் பாடகர் குழுவில் பாடினார். 1953 முதல் 1957 வரை இலண்டன் அரச இசைக் கல்விக்கழகத்தில் பயின்றார். பின்னர் ஜெர்மனி சென்று, புகழ்பெற்ற இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசனிடம் 1958 முதல் 1960 வரை உதவியாளராகப் பணியாற்றினார். அக்காலத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் கருத்துகளாலும் ஈர்க்கப்பட்டார்.

இலண்டன் திரும்பிய பின் வரைகலைப் பயிற்சி பெற்று, ஒரு பதிப்பகத்தில் வடிவமைப்பாளராகப் பணிபுரிந்தார். இப்பயிற்சியின் தாக்கத்தை 1963க்கும் 1967க்கும் இடையில் அவர் உருவாக்கிய "டிரீட்டிஸ்" என்னும் படைப்பில் காணலாம். 193 பக்கங்கள் கொண்ட இந்த இசைவரைவில் வழக்கமான சுரக்குறிப்புகளுக்குப் பதிலாகக் கோடுகள், வட்டங்கள், எண்கள் முதலியவை இடம்பெற்றுள்ளன. இவற்றை எவ்வாறு வாசிப்பது என்பதற்கு விளக்கம் ஏதும் தரப்படவில்லை. அம்முடிவு இசைப்பவரிடமே விடப்பட்டது. சுரக்குறிப்பு அறியாத ஒருவரும் இதை வாசிக்க முயலலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

1966 இல் கார்டியூ, ஏ.எம்.எம். என்னும் இசைக்குழுவில் இணைந்தார். முன்கூட்டிய திட்டம் ஏதுமின்றி, மேடையிலேயே இசையை உருவாக்கும் குழு இது. இக்குழுவின் நிறுவனர்களுள் ஒருவரான கித்தார் கலைஞர் கீத் ரோவ் பின்னர் ஸ்க்ராட்ச் இசைக்குழுவிலும் முக்கியப் பங்கு வகித்தார்.

மார்லி கல்லூரி வகுப்பு

மார்லி கல்லூரி தென் இலண்டனில் உள்ள வளர்ந்தோர் கல்வி நிறுவனம் ஆகும். 1889 இல் நிறுவப்பட்ட இக்கல்லூரி, பகலில் வேலைக்குச் செல்லும் மக்களுக்கு மாலை வேளைகளில் கல்வி அளித்து வந்தது. இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1907 முதல் 1924 வரையும், மைக்கேல் டிப்பெட் 1940 முதல் 1951 வரையும் இதன் இசைத்துறைக்குப் பொறுப்பாக இருந்தனர். எனவே தொழில்முறை இசைக்கலைஞர்களும் சாதாரண மக்களும் சேர்ந்து இசைக்கும் மரபு இங்கு ஏற்கனவே வேரூன்றியிருந்தது.

1968 இல் கார்டியூ இக்கல்லூரியில் சோதனை இசை வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அரச இசைக் கல்விக்கழகத்தில் அவரிடம் பயின்ற மாணவர்கள் சிலரும், இசைப் பின்னணி இல்லாத பலரும் இவ்வகுப்புக்கு வந்தனர். ஸ்க்ராட்ச் இசைக்குழுவின் விதை இவ்வகுப்பிலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

பெருங்கல்வி

கன்பூசிய மரபின் நான்கு நூல்களுள் ஒன்று "பெருங்கல்வி" ஆகும். கவிஞர் எஸ்ரா பவுண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தழுவி, இந்நூலின் முதல் இயலுக்கு 1968 முதல் கார்டியூ இசையமைக்கத் தொடங்கினார். ஏழு பத்திகளாக அமைந்த இப்படைப்பும் "பெருங்கல்வி" என்றே பெயர் பெற்றது. முதற்பத்தி 1968 இல் செல்ட்டனம் இசைவிழாவில் அரங்கேறியது. இதில் குழலுறுப்பு என்னும் தேவாலய இசைக்கருவியுடன், கற்களைத் தட்டும் ஓசையும் சீழ்க்கை ஒலிகளும் பயன்படுத்தப்பட்டன.

இரண்டாம் பத்திக்குப் பல பாடகர்களும் முரசு அடிப்போரும் தேவைப்பட்டனர். 1969 மே மாதம் இலண்டன் ரவுண்ட் ஹவுஸ் அரங்கில் இது நிகழ்த்தப்பட்டது. இதற்காகத் திரண்டவர்களைக் கலைந்து போக விடாமல் ஒரு நிலையான குழுவாக அமைக்கலாம் என்ற எண்ணம் இதன் பின் உருப்பெற்றது.

ஏழாம் பத்தி குரலுக்கு மட்டும் உரியது. இதன் விதிகள் மிக எளிமையானவை:

ஒவ்வொருவரும் தாம் விரும்பும் ஒரு சுரத்தில் முதல் வரியைப் பாடத் தொடங்குவர்.
ஒவ்வொரு வரியும் குறிப்பிட்ட எண்ணிக்கை முறை பாடப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சின் நீளம் கொண்டதாக இருக்கும்.
அடுத்த வரிக்குச் செல்லும்போது, அருகில் உள்ளவர்கள் பாடும் சுரங்களில் ஒன்றைக் கேட்டு, அதைத் தமது சுரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.
ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முன்னேறுவர். குழுவை வழிநடத்த இசைநெறியாளர் எவரும் தேவையில்லை.

தொடக்கத்தில் பல சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து அடர்த்தியாக ஒலிக்கும். நேரம் செல்லச்செல்ல அவை தாமாகவே குறைந்து, சில சுரங்களில் ஒன்றுகூடும். இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1976 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்நிகழ்வை ஆராய்ந்துள்ளார். சுரத்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர்கள் குழுவில் இருப்பது இப்படைப்புக்குக் குறையாகாது என்பது அவரது கருத்து. அவர்கள் தவறிப் பாடுவதால் புதிய சுரங்கள் குழுவுக்குள் நுழைகின்றன. அரங்கின் எதிரொலிப்புத் தன்மை, பாடுவோரின் இரசனை முதலியன அவற்றுள் எவை நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

தோற்றம்

குழுவின் வரைவு யாப்பு (அமைப்பு விதிகள்), "தி மியூசிக்கல் டைம்ஸ்" என்னும் இசை இதழின் 1969 ஜூன் மாத வெளியீட்டில் வெளியானது. இதனைக் கார்டியூ எழுதியிருந்தார். முதற்கூட்டம் 1969 ஜூலை 1 அன்று, இலண்டன் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் கேத்தரின் துறைமுகக் கட்டிடம் ஒன்றில் நடைபெற்றது. அப்போது இத்துறைமுகம் கப்பல் போக்குவரத்துக்கு மூடப்பட்டு, அதன் கட்டிடங்களில் சில ஓவியர்களின் பணியிடங்களாக இருந்தன.

முதல் இசைநிகழ்ச்சி 1969 நவம்பர் 1 அன்று ஹாம்ப்ஸ்டெட் நகர மண்டபத்தில் நடைபெற்றது.

வரைவு யாப்பு

வரைவு யாப்பின்படி, தங்களிடம் உள்ளவற்றை ஒன்றுசேர்த்து இசைத்தல், நிகழ்த்துதல், கற்றல் ஆகியவற்றுக்காகக் கூடும் ஆர்வலர் கூட்டமே இக்குழு ஆகும். இங்கு உள்ளவை என்பது பொருள் வளத்தை முதன்மையாகக் குறிக்கவில்லை. மேலும், இசை என்ற சொல் ஒலியை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத் தேவையில்லை என்றும் யாப்பு கூறியது. இதனால் அசைவு, காட்சி, விளையாட்டு, நடைப்பயணம் முதலிய யாவும் குழுவின் செயற்பாடுகளாக இடம்பெற வாய்ப்பு ஏற்பட்டது.

நிகழ்ச்சிகளை வடிவமைக்கும் பொறுப்பு உறுப்பினர்களிடையே சுழற்சி முறையில் வழங்கப்பட்டது. வயதில் மிக இளையவரிடமிருந்து இச்சுழற்சி தொடங்க வேண்டும் என விதிக்கப்பட்டது. அனுபவமும் புகழும் உடையோர் தலைமை வகிப்பதே இசையுலக வழக்கம் ஆகையால், இவ்விதி அவ்வழக்கத்தைத் தலைகீழாக்கியது. முதல் நிகழ்ச்சியை வடிவமைத்த கிறிஸ்டோபர் ஹாப்ஸ் அப்போது இருபது வயதை எட்டாதவர்.

குழுவின் செயற்பாடுகள் ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன.

1. ஸ்க்ராட்ச் இசை

ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். அதில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொடர்ந்து செய்யத்தக்க பக்க இசைகளை எழுத வேண்டும். சொற்கள், சுரக்குறிப்பு, வரைபடம், ஒட்டுப்படம் என எம்முறையிலும் எழுதலாம். பிறர் ஒருவர் தனித்து இசைக்க முன்வந்தால், அது தெளிவாகக் கேட்கும்படி இடம் தருவதே பக்க இசை என வரையறுக்கப்பட்டது. எனவே அனைவரும் சேர்ந்து இசைக்கும்போது ஒருவர் மற்றவரை மூழ்கடிக்காமல் இருப்பது கடமையாயிற்று. இக்குறிப்பேடுகளிலிருந்து தெரிவு செய்யப்பட்டவை, கார்டியூவைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு 1972 இல் "ஸ்க்ராட்ச் மியூசிக்" என்ற பெயரில் நூலாக வெளிவந்தன.

2. மக்களறிந்த செவ்விசை

உறுப்பினர் பலருக்கும் தெரிந்த செவ்விசைப் படைப்புகளே இவ்வகையில் இடம்பெற்றன. ஒருவர் அப்படைப்பின் ஒரு சிறு பகுதியை இசைப்பார். ஏனையோர் தமக்கு நினைவில் உள்ளதைக் கொண்டு இயன்றவரை உடன் இசைப்பர். நினைவில் இல்லாத இடங்களைக் கற்பனையால் நிரப்புவர். படைப்பின் துல்லியமான வடிவத்தை விட, அது சாதாரண மனிதரின் நினைவில் எவ்வாறு தங்கியுள்ளது என்பதே இங்கு வெளிப்பட்டது.

3. கற்பனை இசைச் சடங்குகள்

சடங்கு என்பது இசையமைப்பு அன்று. எந்த இசையை இசைக்க வேண்டும் என்று அது கூறுவதில்லை. கூடியிருப்போரிடம் ஒரு பொதுவான மனநிலையையோ பொதுவான தொடக்கத்தையோ உண்டாக்குவதே அதன் பணி. சில சடங்குகள் ஒரு சில வரிகளே கொண்டவை. ஸ்கெம்ப்டன் எழுதிய முரசுச் சடங்கு ஒன்று, சீரான தாளத் துடிப்பைத் தொடங்கி, தொடர்ந்து, பின் அதிலிருந்து விலகிச் செல்வதை மட்டுமே கேட்கிறது. உறுப்பினர்கள் எழுதிய 152 சடங்குகள் "இயற்கை ஆய்வுக் குறிப்புகள்" என்ற பெயரில் 1969 இல் தொகுக்கப்பட்டன. இத்தொகுப்புக்கு உரிமை எதுவும் ஒதுக்கப்படவில்லை. எவரும் படியெடுக்கலாம், எவரும் நிகழ்த்தலாம் என அறிவிக்கப்பட்டது.

4. இசையமைப்புகள்

லா மான்டே யங், டெர்ரி ரைலி, கிறிஸ்டியன் வுல்ஃப், ஜான் கேஜ் முதலிய சோதனை இசையமைப்பாளர்களின் படைப்புகளும், உறுப்பினர்கள் இயற்றியவையும் இவ்வகையில் அடங்கும்.

5. ஆய்வுத் திட்டம்

ஒவ்வோர் உறுப்பினரும் தாம் விரும்பும் பொருளில் ஆய்வு மேற்கொள்ள வேண்டும். பயணம் என்ற கோணத்தில் உலகை நோக்குதல் இதன் அடிப்படையாகக் கூறப்பட்டது. பயணம் என்பது இடம் பெயர்தலை மட்டுமன்றி, மனத்தளவில் மேற்கொள்ளும் பயணத்தையும் குறித்தது.

உறுப்பினர்கள்

நிறுவனர் மூவருடன் ஹியூ ஷ்ராப்னெல், மைக்கேல் சான்ட், கிறிஸ்டோபர் ஹாப்ஸ், பிரையன் டென்னிஸ் முதலிய இளம் இசையமைப்பாளர்கள் இக்குழுவில் இருந்தனர். பியானோ கலைஞர் ஜான் டில்பரி, கீத் ரோவ் ஆகியோர் இக்குழுவில் இணைந்த அனுபவம் மிக்க இசைக்கலைஞர்கள் ஆவர். கரோல் ஃபைனர், ஸ்டெஃபான் ஸ்செல்குன் முதலியோர் காண்கலைத் துறையிலிருந்து வந்தவர்கள். ஓவியர் டாம் பிலிப்ஸ் குழுவின் தொடக்க காலத்தில் அதனுடன் தொடர்பு கொண்டிருந்தார். பிரையன் ஈனோ, மைக்கேல் நைமன் முதலியோரும் குழுவின் செயற்பாடுகளில் பங்கேற்றனர்.

இவர்களை விடப் பெயர் அறியப்படாத உறுப்பினர்களே மிகுதி. எந்த நிகழ்ச்சிக்கும் எவரும் வரலாம், வராமலும் இருக்கலாம் என்பதால் பங்கேற்போரின் எண்ணிக்கை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுபட்டது.

நிகழ்ச்சிகள்

இலண்டனில்

தொடக்க ஆண்டில் இலண்டனின் பல பகுதிகளில் உள்ள நகர மண்டபங்களில் குழு நிகழ்ச்சிகளை நடத்தியது. இசைக்கருவிகளுடன் பொம்மைகள், வீட்டுப் பொருட்கள், தாமே செய்த ஒலிக்கருவிகள் ஆகியனவும் பயன்படுத்தப்பட்டன. ஒரே நேரத்தில் மண்டபத்தின் வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு செயல்கள் நடைபெறுவது வழக்கம். பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருக்கத் தேவையின்றி, நடமாடிக்கொண்டு பார்க்கலாம். 1970 இல் இலண்டனின் ரிச்மண்ட் பகுதியில் நடைபெற்ற நிகழ்ச்சி, கடைத்தெரு வழியாகச் செல்லும் ஒரு பயணமாக அமைந்தது.

1970 நவம்பர் 23 அன்று குயின் எலிசபெத் மண்டபத்தில், உடலின் பல புள்ளிகளிலிருந்து மூளை, உட்செவி, இதயம், வயிறு ஆகியவற்றை நோக்கிய புனிதப் பயணம் என்னும் கருப்பொருளில் ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. ஆய்வுத் திட்டத்தில் கூறப்பட்ட பயணம் என்ற கருத்தின் விரிவாக்கமாக இது அமைந்தது.

1971 இல் "பெருங்கல்வி"யின் இரண்டாம், ஏழாம் பத்திகளை இக்குழு பாடிய இசைத்தட்டை டாய்ச் கிராமபோன் நிறுவனம் வெளியிட்டது. பயிற்சி பெறாதவர்கள் பலர் பாடிய இசை, செவ்விசைக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் வெளியீடாக வந்தது குறிப்பிடத்தக்கது.

சிற்றூர்ப் பயணங்கள்

1970 கோடையில் குழுவினர் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள கார்ன்வால் பகுதிக்கும், பின்னர் வட வேல்சுக்கும் பயணம் மேற்கொண்டனர். சிற்றூர்க் கூடங்களிலும் திறந்தவெளிகளிலும் நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. சோதனை இசை என்ற சொல்லையே கேள்விப்பட்டிராத மக்கள் முன் இசைப்பது குழுவினருக்குப் புதிய அனுபவமாக அமைந்தது.

1971 ஜூன் மாதம் நியூகாசில் நகரையும் வடகிழக்கு இங்கிலாந்தையும் மையமாகக் கொண்டு மற்றொரு பயணம் இடம்பெற்றது. நியூகாசிலில் நடந்த நிகழ்ச்சி ஒன்று செய்தித்தாள்களின் கண்டனத்துக்கு உள்ளானது. சுரங்கமும் கப்பல் கட்டுமானமும் தொழிலாகக் கொண்ட அப்பகுதி மக்களுக்குக் குழுவின் செயற்பாடுகள் எந்த அளவுக்குப் பொருள் உள்ளவை என்ற கேள்வி இதன் பின் குழுவுக்குள்ளேயே வலுப்பெற்றது.

காண்கலையும் ஸ்க்ராட்ச் இசைக்குழுவும்

இக்குழு சமகாலக் காண்கலையுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. இதற்குச் சில காரணங்கள் உண்டு. முதலாவதாக, 1960களில் பிரித்தானிய இசைக் கல்லூரிகள் சோதனை இசையை ஏற்கத் தயங்கின. கலைப் பள்ளிகளோ அதை வரவேற்றன. எனவே இசையமைப்பாளர்கள் பலர் கலைப் பள்ளிகளில் ஆசிரியர்களாகப் பணியாற்றினர். இரண்டாவதாக, வரைபடத்தையும் சொற்களையும் இசைக்குறிப்பாகக் கொள்ளும் முறை, சுரக்குறிப்பு அறியாத ஓவியர்களுக்கும் இசையின் வாயிலைத் திறந்தது. மூன்றாவதாக, ஒரு பொருளைப் படைப்பதை விட ஒரு செயலை நிகழ்த்துவதே கலை என்னும் கருத்து அக்கால ஓவியர்களிடமும் பரவியிருந்தது.

1971 ஆகஸ்ட் மாதம் இலண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையில் நடைபெற்ற கலைக் கண்காட்சியில் "ஸ்க்ராட்ச் குடில்" என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. உறுப்பினர்கள் அதற்குள் இருந்து இசைத்தும் உரையாடியும் வந்தனர். இக்குழுவுக்கும் காண்கலைக்கும் இடையிலான தொடர்பைப் பற்றி மைக்கேல் பார்சன்ஸ் 2001 இல் விரிவான கட்டுரை ஒன்றை எழுதியுள்ளார்.

அதிருப்தியும் பிளவும்

1971 நடுப்பகுதியில் உறுப்பினர்களிடையே மனக்குறைகள் பெருகின. கூட்டங்களுக்கு வருவோர் தொகையும் ஊக்கமும் குறைந்தன. குறைகளை எழுத்தில் தருமாறு கார்டியூ அனைவரையும் கேட்டுக்கொண்டார். இவ்வாறு சேர்ந்தவை "அதிருப்திக் கோப்பு" என அழைக்கப்பட்டன. 1971 ஆகஸ்ட் மாதம் நடைபெற்ற கூட்டங்களில் இவை உரக்க வாசிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டன.

இக்கூட்டங்களில் ஜான் டில்பரி முன்வைத்த ஆய்வு திருப்புமுனையாக அமைந்தது. குழு கொள்கையளவில் மக்களை நோக்கியதாக இருந்தாலும், செயலளவில் தன் உறுப்பினர்களின் மகிழ்ச்சிக்காகவே இயங்குகிறது என்பது அவரது வாதத்தின் சாரம். இதன் தொடர்ச்சியாக டில்பரி, ரோவ் முதலியோர் "கருத்தியல் குழு" ஒன்றை அமைத்தனர். மார்க்ஸ், லெனின் ஆகியோரின் எழுத்துகள், கலை இலக்கியம் குறித்து மா சே துங் 1942 இல் யெனானில் ஆற்றிய உரைகள், பிரித்தானிய மார்க்சிய அறிஞர் கிறிஸ்டோபர் காட்வெலின் கட்டுரைகள் ஆகியன இக்குழுவில் கூட்டாக வாசிக்கப்பட்டன. கார்டியூவும் இதில் இணைந்தார்.

இதனையடுத்து உறுப்பினர்களிடையே இரு போக்குகள் தோன்றின.

கருத்தியல் சார்பினர்: உழைக்கும் மக்களுக்குப் புரியும் மொழியில், அவர்களின் போராட்டங்களுக்குப் பயன்படும் இசையையே உருவாக்க வேண்டும் என்றனர். சோதனை இசையின் கட்டற்ற தன்மை, தனிமனித வாதத்தின் வெளிப்பாடு எனக் கருதினர்.

ஏனையோர்: எவரும் தத்தம் வழியில் பங்கேற்கலாம் என்ற தொடக்க காலச் சுதந்திரமே குழுவின் உயிர் என்றனர். ஒரே அரசியல் நிலைப்பாட்டை அனைவருக்கும் விதிப்பது அந்த உயிரைப் போக்கிவிடும் எனக் கருதினர்.

1972 இல் பிபிசி நடத்தும் ப்ராம்ஸ் இசைவிழாவில், இலண்டன் அரச ஆல்பர்ட் மண்டபத்தில் "பெருங்கல்வி"யின் முதற்பத்தி இசைக்கப்பட்டது. அதற்காகக் கார்டியூ, பவுண்டின் மொழிபெயர்ப்பைத் தமது புதிய அரசியல் பார்வைக்கு ஏற்ப மாற்றியமைத்திருந்தார். அதே ஆண்டில், தமது முன்னாள் ஆசான் ஸ்டாக்ஹவுசனின் இசை ஏகாதிபத்தியத்துக்குத் துணைபோகிறது என வாதிடும் வானொலி உரை ஒன்றையும் அவர் நிகழ்த்தினார். 1974 இல் இதே தலைப்பில் வெளிவந்த அவரது நூலில், "பெருங்கல்வி" உள்ளிட்ட தமது சொந்தப் படைப்புகளையும் கடுமையாக விமர்சித்தார். குழுவின் வரலாற்றை உறுப்பினர் ரோட் எலி எழுதிய கட்டுரையும் அந்நூலில் இடம்பெற்றது.

முடிவு

பிளவின் பின் பலர் விலகிச் செல்ல, 1970களின் நடுப்பகுதியில் குழு செயலிழந்தது. கார்டியூ, ரோவ் முதலியோர் "மக்கள் விடுதலை இசை" என்னும் குழுவில் அரசியல் பாடல்களை இசைத்தனர். பார்சன்சும் ஸ்கெம்ப்டனும் 1974 முதல் இருவர் குழுவாக நிகழ்ச்சிகள் நடத்தினர். ஸ்கெம்ப்டன் பின்னர் பிரித்தானியாவின் குறிப்பிடத்தக்க இசையமைப்பாளர்களுள் ஒருவரானார். அவர் 1990 இல் எழுதிய "லென்டோ" என்னும் பல்லிய இசைப்படைப்பு பரவலாக அறியப்பட்டது.

கார்டியூ 1979 இல் பிரித்தானியப் புரட்சிகரப் பொதுவுடைமைக் கட்சியின் (மார்க்சிய-லெனினிய) நிறுவனர்களுள் ஒருவரானார். 1981 டிசம்பர் 13 அன்று கிழக்கு இலண்டனில் லெய்ட்டன் பகுதியில், தமது வீட்டின் அருகே, நிற்காமல் சென்ற வாகனம் ஒன்று மோதி உயிரிழந்தார். வாகனத்தை ஓட்டியவர் கண்டறியப்படவில்லை. இறக்கும்போது அவருக்கு வயது 45.

விமர்சனங்கள்

ஸ்க்ராட்ச் இசைக்குழு குறித்து முன்வைக்கப்படும் விமர்சனங்களுள் பின்வருவன முக்கியமானவை.

பயிற்சி இல்லாதோரின் இசை, பங்கேற்போருக்கு நிறைவு தரலாம். கேட்போருக்கு அதே நிறைவைத் தரும் என்பதற்கு உறுதி இல்லை.
குழு அனைவருக்கும் திறந்திருந்தாலும், கல்வியறிவும் ஓய்வு நேரமும் உள்ள இளைஞர்களே அதில் பெரும்பங்கு வகித்தனர்.
தலைமை இல்லை எனக் கூறப்பட்டபோதும், யாப்பை எழுதியவரும் பலரால் ஆசானாகக் கொள்ளப்பட்டவரும் கார்டியூவே. அவரது மனமாற்றம் குழுவின் போக்கையே மாற்றியது இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.
சிற்றூர்களுக்குச் சென்ற குழு, அம்மக்களின் இசையையும் வாழ்க்கையையும் அறிந்துகொள்ளும் அளவுக்கு அங்கு தங்கவில்லை.

மறுபுறம், அரசியல் திருப்பத்தையும் அனைவரும் ஏற்பதில்லை. உழைக்கும் மக்களுக்காக எழுதப்பட்ட பாடல்களை, பெரும்பாலும் எழுதியவர்களின் தோழர்களே கேட்டனர் என்பது அதன் மீதான விமர்சனம். மக்களுக்காக இசைத்தல், மக்களோடு இசைத்தல் ஆகிய இரண்டுக்கும் இடையிலான இந்த முரண்பாடு, பின்னாளில் சமூகக் கலை முயற்சிகள் பலவற்றிலும் எழுந்துள்ளது.

தாக்கம்

1970 இல் போர்ட்ஸ்மத் கலைக் கல்லூரியில் கேவின் பிரையர்ஸ் தொடங்கிய போர்ட்ஸ்மத் சின்ஃபோனியா, மக்களறிந்த செவ்விசை என்னும் வகையோடு ஒத்த கருத்துடையது. இசை அறியாதவர்களும், தமக்குப் பழக்கமில்லாத கருவியை வாசிக்க முன்வந்த இசைக்கலைஞர்களும் இதில் இடம்பெற்றனர். வேண்டுமென்றே தவறாக வாசிக்கக் கூடாது, இயன்றவரை சரியாக வாசிக்க முயல வேண்டும் என்பது இதன் நெறி. பிரையன் ஈனோ இதில் கிளாரினெட் வாசித்தார். 1974 மே 28 அன்று இக்குழு அரச ஆல்பர்ட் மண்டபத்தில் இசைத்தது.

பயிற்சி அற்றோரும் பங்கேற்கும் இசைப் பட்டறைகள், பொதுமக்கள் பாடகர் குழுக்கள், கூட்டுக் கற்பனை இசைக் குழுக்கள் முதலியவற்றுக்கு இக்குழுவின் முறைகள் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றன. "பெருங்கல்வி"யின் ஏழாம் பத்தி இன்றும் பல நாடுகளில் தன்னார்வப் பாடகர்களால் பாடப்பட்டு வருகிறது. இசைக்கருவியோ ஒத்திகை மண்டபமோ தேவையில்லை என்பதும், எண்ணிக்கை வரம்பு இல்லை என்பதும் இதற்குக் காரணங்கள் ஆகும்.

குழுவின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி 1994 இல் இலண்டனில் நிகழ்ச்சி நடைபெற்றது. 2006 இல் லூக் ஃபவுலர் இக்குழுவைப் பற்றிய திரைப்படம் ஒன்றை வெளியிட்டார். 2008 இல் ஜான் டில்பரி எழுதிய கார்டியூவின் விரிவான வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 2010களில் முன்னாள் உறுப்பினர்கள் சிலரும் இளைய தலைமுறையினரும் சேர்ந்து "இயற்கை ஆய்வுக் குறிப்புகள்" தொகுப்பில் உள்ள சடங்குகளை மீண்டும் நிகழ்த்தினர்.

காலவரிசை

1968 - மார்லி கல்லூரியில் கார்டியூவின் சோதனை இசை வகுப்பு. "பெருங்கல்வி" முதற்பத்தி அரங்கேற்றம்
1969 மே - ரவுண்ட் ஹவுசில் இரண்டாம் பத்தி
1969 ஜூன் - வரைவு யாப்பு வெளியீடு
1969 ஜூலை 1 - முதற்கூட்டம்
1969 நவம்பர் 1 - முதல் இசைநிகழ்ச்சி
1970 - கார்ன்வால், வட வேல்ஸ் பயணங்கள்; குயின் எலிசபெத் மண்டப நிகழ்ச்சி
1971 - நியூகாசில் பயணம், இசைத்தட்டு வெளியீடு, ஸ்க்ராட்ச் குடில், அதிருப்திக் கூட்டங்கள்
1972 - "ஸ்க்ராட்ச் மியூசிக்" நூல், ப்ராம்ஸ் நிகழ்ச்சி
1974 - கார்டியூவின் விமர்சன நூல்
1981 - கார்டியூ மறைவு

இவற்றையும் பார்க்க

சோதனை இசை
ஜான் கேஜ்
கொர்னேலியஸ் கார்டியூ
போர்ட்ஸ்மத் சின்ஃபோனியா
சமூகக் கலை
வரைகலை இசைக்குறிப்பு